பிரித்தவர்களே பூட்டினார்கள்

அணு இணைவின் கதை – 17

குஜராத்தில், காந்திநகரை ஒட்டிய பாட் கிராமத்தில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே 2015-இல் ஆதித்யா என்ற டோக்கமாக் எந்திரத்தைக் கழற்றினார்கள். 1989-இல் இயங்கத் தொடங்கிய எந்திரம் அது. கால் நூற்றாண்டில் 30,000-க்கும் மேற்பட்ட முறை அதற்குள் பிளாஸ்மா பற்றி எரிந்து அணைந்திருந்தது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒன்றைப் பிரித்துப் போடுவது எளிதில் எடுக்கிற முடிவல்ல. திரும்பப் பூட்டும்போது ஒரு காந்தச் சுருள் சற்றே சாய்ந்து உட்கார்ந்தாலும் போதும், புதிய பலன் கிடைக்காமல் போவதோடு பழைய நிலையும் கைவிட்டுப் போகும். அப்படி ஒரு வேலைக்கு இந்தியப் பொறியாளர்கள் எப்படித் தயாரானார்கள் என்பதுதான் இந்த வாரக் கதை.

சென்ற வாரம் 1955-ஆம் ஆண்டு ஜெனீவா மாநாட்டோடு நிறுத்தியிருந்தோம். அணுசக்தியை அமைதிக்குப் பயன்படுத்துவது பற்றிய அந்த உலக மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஹோமி பாபா, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இணைவு ஆற்றலைக் கட்டுக்குள் கொண்டுவரும் வழி பிறந்துவிடும் என்று முன்னுரைத்தார். அவர் சொன்ன இருபது ஆண்டுகள் 1975-இல் முடிந்தன. வழி பிறக்கவில்லை. இந்தியாவில் அன்றைக்கு ஒரு டோக்கமாக் கூடக் கிடையாது.

காவிரிக் கரையிலிருந்து சிகாகோ வரை

நம் டெல்டாவுக்கும் இந்தக் கதைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. சர் சி.வி. ராமன் 1888-இல் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவானைக்காவலில் பிறந்தவர். தஞ்சை மாவட்டத்தில் நிலபுலன் வைத்திருந்த குடும்பம் அவருடையது. அவருடைய அண்ணன் மகன் சுப்ரமணியன் சந்திரசேகர். விண்மீன்களின் முடிவைக் கணக்கிட்டு நோபல் பரிசு பெற்றவர் என்று சந்திரசேகரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். 1950-களின் பிற்பகுதியில் அவர் பிளாஸ்மாவைப் பற்றியும் ஆழமாக உழைத்தார் என்பது அவ்வளவாக வெளியே தெரியாத செய்தி.

பிளாஸ்மாத் தண்டு ஒன்றின் வழியே பெரும் மின்னோட்டம் பாய்ந்தால், அந்த மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலமே தண்டைச் சுற்றி இறுக்கும். வெப்பமான பிளாஸ்மாவைச் சுவரில் படாமல் பிடித்துவைக்க இதுவே போதும் என்று முதலில் நம்பினார்கள். சோதனையில் அந்தத் தண்டு நொடியின் மிகச் சிறு பங்குக்குள் நெளிந்து முறுக்கிச் சுவரில் மோதியது. தண்டின் நீளவாக்கிலும் ஒரு காந்தப்புலத்தைச் செலுத்தினால் எந்த நெளிவு அடங்கும், எந்த நெளிவு அடங்காது என்பதை சந்திரசேகர், காஃப்மன், வாட்சன் மூவரும் 1958-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் கணித வழியாக ஆராய்ந்தார்கள். சிகாகோவில் சந்திரசேகர் நடத்திய பிளாஸ்மா வகுப்புகளின் குறிப்புகளை எஸ்.கே. டிரெஹான் தொகுக்க, 1960-இல் அவை நூலாக வந்தன. மாஸ்கோவில் உருவான டோக்கமாக் இதே சிக்கலுக்கு விடை தேடிப் பிறந்தது. வளையமாக வளைத்த பிளாஸ்மா, அதன் நீளவாக்கில் மிக வலுவான காந்தப்புலம், அதற்குள் பாயும் மின்னோட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே டோக்கமாக்.

உறவு அதோடு முடியவில்லை. டெல்டாவின் வயல்களுக்கு அடியில் எண்ணெயும் எரிவாயுவும் இருக்கின்றன. மன்னார்குடியை அடுத்த கோவில்களப்பாலிலும் குத்தாலத்திலும் இந்த மண்ணின் வாயுவைக் கொண்டே மின்நிலையங்கள் ஓடுகின்றன. மின்சாரம் வேண்டும், நெல்லும் வேண்டும் என்ற இழுபறியில் மீத்தேன் திட்டத்தை எதிர்த்து நம் விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. இணைவு உலைக்கு வேண்டிய டியூட்டீரியம் தண்ணீரிலேயே இருக்கிறது. கடல்நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்களில் ஏறத்தாழ 6,400-க்கு ஒன்று டியூட்டீரியம். ஒரு கன மீட்டர் கடல்நீரில் சுமார் 33 கிராம் கிடைக்கும். டியூட்டீரியம் அடங்கிய கனநீரைத் தயாரிக்க இந்தியா கட்டிய ஆலைகளில் ஒன்று நம் தூத்துக்குடியில்தான் எழுந்தது. எரிபொருளுக்காக வயலைத் தோண்ட வேண்டாத ஓர் ஆற்றல் கைகூடுமானால் அதனால் அதிகம் பயன்பெறும் மண்களில் தஞ்சை ஒன்று. அதனால்தான் எங்கோ குஜராத்தில் நடந்த கதையை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

சொந்தமாகச் செய்வது என்ற முடிவு

பிரதிமான் கிருஷ்ண கௌ 1948-இல் ஸ்ரீநகரில் பிறந்தவர். பதினெட்டு வயதில் டெல்லி ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கிருந்து பிரின்ஸ்டன், பிறகு அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம், மறுபடி பிரின்ஸ்டன் என்று போய், 1982-இல் நாடு திரும்பினார். அந்த ஆண்டு மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவில் பிளாஸ்மா இயற்பியல் திட்டம் ஒன்று தொடங்கியது. 1986-இல் அது தனி நிறுவனமானது. கௌ அதன் முதல் இயக்குநர்.

கொல்கத்தாவின் சாஹா அணு இயற்பியல் நிறுவனம் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்திடமிருந்து ஒரு சிறிய டோக்கமாக்கை வாங்கி 1980-களில் நிறுவியது. கௌவின் குழு வேறு பாதையில் போனது. வடிவமைப்பைத் தாங்களே செய்தார்கள். இந்தியத் தொழிற்சாலைகளைக் கொண்டு பாகங்களை உருவாக்கினார்கள். இதற்கு முன் எவரும் இங்கே செய்திராத வெற்றிடக் கலத்தையும் காந்தச் சுருள்களையும் செய்யச் சொல்லித் தொழிற்சாலைகளுக்குக் கற்றுக்கொடுத்து, கூடவே தாங்களும் கற்றுக்கொண்டார்கள். 1989-இல் ஆதித்யா எழுந்தது.

வளையத்தின் நடுவிலிருந்து பிளாஸ்மாவின் மையக்கோடு வரை 75 சென்டிமீட்டர், பிளாஸ்மாவின் தடிமனில் பாதி 25 சென்டிமீட்டர். உலக அளவில் சிறிய எந்திரம். இருபது பெரிய சுருள்கள் கலத்தைச் சுற்றி நின்று வலுவான காந்தப்புலத்தை உண்டாக்கின. மின்மாற்றியின் தத்துவத்தில் இயங்கும் வேறு சுருள்கள் வாயுவைப் பிளாஸ்மாவாக்கி அதற்குள் மின்னோட்டத்தைத் தூண்டின. ஒவ்வொரு முறையும் பிளாஸ்மா நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நீடிக்கும். அந்த நேரத்தில் அதன் வெப்பநிலை பல லட்சம் பாகையைத் தொடும். இந்தியாவின் முதல் இணைவுத் தலைமுறை இந்த எந்திரத்தில்தான் படித்தது.

குளிரில் தெரிந்த பிழை

அடுத்த கனவு பெரிது. எஸ்.எஸ்.டி.–1 என்ற மீக்கடத்தி டோக்கமாக். ஆதித்யாவின் சுருள்கள் தாமிரத்தால் ஆனவை. மின்னோட்டம் பாயப் பாயச் சூடேறும், அதனால் நீண்ட நேரம் ஓட்ட முடியாது. நியோபியம்–டைட்டானியம் மீக்கடத்திச் சுருளைத் திரவ ஹீலியத்தின் குளிருக்கு, அதாவது மைனஸ் 268 பாகைக்கு இறக்கினால் மின்தடை மறைந்துவிடும். அப்படிப்பட்ட சுருள்களை வைத்து 1,000 நொடிகள் பிளாஸ்மாவை நிறுத்துவது குறிக்கோள். கலத்தைச் சுற்றி நிற்கும் பெரிய சுருள்கள் 16. அவற்றுக்கு வெளியே திரவ நைட்ரஜனால் குளிரும் வெப்பக் கவசம், எல்லாவற்றையும் மூடி ஒரு பெரிய வெற்றிடப் பேழை.

2000-களின் நடுவில் எந்திரம் பூட்டி முடிந்தது. குளிர்விக்கத் தொடங்கியபோது சோதனை ஆரம்பமானது. ஹீலியம் கசிந்தது. சாதாரண வெப்பத்தில் இறுக்கமாக இருந்த வெல்டிங்கும் இணைப்பும், குளிரில் உலோகம் சுருங்கியபோது கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டன. கசிந்த ஹீலியம் வெற்றிடத்தைக் கெடுத்தது. வெற்றிடம் கெட்டதால் வெளியிலிருந்து வெப்பம் உள்ளே புகுந்தது. வெப்பம் புகுந்ததால் சுருள் குளிரவில்லை. மீண்டும் மீண்டும் முயன்றும் எந்திரம் தன் இயங்கு நிலையை எட்டவில்லை. எல்லாம் பேழைக்குள் அடுக்கடுக்காக மூடிக் கிடந்ததால் கசிவு எந்த இடத்தில் என்று தேடுவதே பெரும்பாடு.

இந்த இடத்தில் இரண்டு வழிகள் இருந்தன. ஒட்டுப்போட்டு ஒப்பேற்றலாம், அல்லது முழுவதையும் பிரிக்கலாம். 2009-இல் எஸ்.எஸ்.டி.–1 மீட்புப் பணி தனித் திட்டமாகத் தொடங்கியது. எந்திரம் பிரிக்கப்பட்டது. 16 சுருள்களும் ஒவ்வொன்றாகத் தனிச் சோதனைப் பேழையில் வைக்கப்பட்டன. ஒவ்வொன்றையும் ஹீலியக் குளிருக்கு இறக்கி, 10,000 ஆம்பியர் மின்னோட்டம் பாய்ச்சி, கசிவு இல்லை என்று உறுதி செய்த பிறகே அடுத்ததை எடுத்தார்கள். சுருளுக்கும் சுருளுக்கும் இடையிலான இணைப்புகளைப் புதிதாக வடிவமைத்தார்கள். மின்தடையும் ஏறக்குறைய இருக்கக் கூடாது, ஹீலியமும் கசியக் கூடாது. வெப்பக் கவசங்களையும் புதிதாகச் செய்தார்கள். பிறகு மீண்டும் பூட்டினார்கள்.

2013 ஜூன் 20-ஆம் தேதி எஸ்.எஸ்.டி.–1 தன் முதல் பிளாஸ்மாவைக் கண்டது. 1,000 நொடி என்ற குறிக்கோள் இன்னும் வெகு தூரத்தில் இருக்கிறது. ஆனால் அந்த நான்கு ஆண்டுகள் இந்தியாவுக்குக் கொடுத்த பாடம் பெரிது. தனித்தனியாகச் சோதிக்காத பாகத்தை உள்ளே வைத்து மூடாதே என்பதே அந்தப் பாடம். தோல்வியை மூடி மறைக்காமல், பிரித்துப் பார்க்க ஒப்புக்கொண்டவர்களுக்கே அது வாய்த்தது.

ஆதித்யாவின் மறுபிறவி

இந்தப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆதித்யாவிடம் வந்தார்கள்.

பழைய ஆதித்யாவில் பிளாஸ்மாவின் விளிம்பை வரையறுத்தது லிமிட்டர் என்ற தடுப்பு. பிளாஸ்மா அதைத் தொட்டுக்கொண்டே எரியும். தொடும் இடத்திலிருந்து பெயரும் துகள்கள் பிளாஸ்மாவுக்குள் புகுந்து அதைக் குளிர்வித்துவிடும். இன்றைய பெரிய எந்திரங்களில் டைவர்ட்டர் என்ற ஏற்பாடு இருக்கிறது. கூடுதல் சுருள்களால் காந்தப்புலத்தின் விளிம்பை வளைத்து, கழிவு வெப்பத்தையும் அழுக்கையும் தூரத்திலுள்ள தகடுகளுக்குத் திருப்பிவிடுவார்கள். ஆதித்யாவிலும் அதைச் செய்ய விரும்பினார்கள். ஆனால் பழைய வெற்றிடக் கலத்தின் குறுக்குவெட்டு செவ்வகமாக இருந்தது. பெரிய சுருள்களுக்கும் கலத்துக்கும் நடுவே புதிய சுருள்களை வைக்க இடமில்லை. கலத்தை வட்டமாக மாற்றினால் மூலைகளில் இடம் பிறக்கும்.

சொல்லும்போது எளிது. கலமோ எந்திரத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது. அதை எடுக்க, அதைச் சூழ்ந்த எல்லாவற்றையும் முதலில் கழற்ற வேண்டும். கலத்தைச் சுற்றியிருந்த சுருள்கள், தாங்கிகள், அளவீட்டுக் கருவிகள், வெற்றிடப் பம்புகள், குளிர்நீர்க் குழாய்கள் எல்லாம் வெளியே வந்தாக வேண்டும். கால் நூற்றாண்டில் எத்தனையோ சோதனைகளுக்காக அவ்வப்போது சேர்த்த சிறு சிறு பாகங்களும் அதில் உண்டு.

பூட்டும்போது வேறு வகைக் கவனம் வேண்டும். சுருள்களின் இடம் பிசகினால் காந்தப்புலத்தில் பிழைப்புலம் என்ற கோணல் வரும். அது மிகச் சிறிதாக இருந்தாலும் வாயு பிளாஸ்மாவாகப் பற்றும் அந்தத் தொடக்கக் கணத்தைக் கெடுத்துவிடும். கலத்தின் வளையம் முழுவதும் உலோகத் தொடர்ச்சியாக இருந்துவிடவும் கூடாது. அப்படி இருந்தால் பிளாஸ்மாவுக்குப் போக வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பங்கைக் கலமே வாங்கிக்கொள்ளும். ஆகவே பாதிப் பாதியாகச் செய்த கலத்தை மின்காப்போடு இணைக்க வேண்டும். அதே இணைப்பு வெற்றிடத்தையும் காக்க வேண்டும். பிளாஸ்மா உண்டாக்கும் முன் கலத்துக்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே இறங்க வேண்டும். வெளிப்புறம் ஹீலியத்தைத் தெளித்து, உள்ளே அதன் தடயம் தெரிகிறதா என்று கருவியை வைத்து ஒவ்வொரு வெல்டிங்கையும் ஒவ்வொரு இணைப்பையும் பார்க்க வேண்டும். உட்சுவரில் ஒட்டியிருக்கும் ஈரமும் பிற வாயுக்களும் போகக் கலத்தைச் சூடாக்கி, ஹைட்ரஜன் ஒளிர்மின்னிறக்கத்தால் சுவரை நாள்கணக்கில் சுத்தம் செய்ய வேண்டும்.

எந்திரத்தைப் பூட்டும் பணி 2016 மார்ச்சில் முடிந்தது. அந்த ஆண்டு டிசம்பரில், ஆதித்யா–யு என்ற புதிய பெயரில், பிளாஸ்மா மீண்டும் எரிந்தது. முதல் கட்டத்தில் கிராஃபைட் லிமிட்டரோடு ஓட்டிப் பழகினார்கள். 2018-இல் தொடங்கிய அடுத்த கட்டத்தில் 160 கிலோ ஆம்பியர் வரை மின்னோட்டமும், 250 மில்லி நொடிக்கு மேல் நீடிக்கும் பிளாஸ்மாவும் திரும்பத் திரும்பக் கிடைத்தன. சுவரில் லித்தியம் பூசியபோது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியான பிளாஸ்மா வருவது இன்னும் உறுதிப்பட்டது.

சிறிய எந்திரத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். பெரிய எந்திரத்தில் பிளாஸ்மா திடீரென முறியும்போது எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கிப் பறந்து சுவரைத் துளைக்கக்கூடும். பிரான்சில் பல்லாயிரம் கோடி செலவில் எழும் ஐட்டர் என்ற எந்திரத்தில் அந்த ஆபத்தை முதன்முதலாகச் சோதித்துப் பார்க்க முடியாது. ஆதித்யாவில் பார்க்கலாம். மின்னழுத்தம் கொடுத்த மின்முனை ஒன்றைப் பிளாஸ்மாவின் விளிம்பில் வைத்து முறிவைத் தவிர்க்கும் சோதனைகளைப் பழைய ஆதித்யாவிலேயே செய்திருந்தார்கள். ஆதித்யா–யு அந்த வேலையைத் தொடர்கிறது.

இந்தப் பணியின் தன்மை நம் கல்லணைக்குப் பழக்கமானது. ஆற்று மணலில் கரிகாலன் பெயரால் நிற்கும் பழைய கல்கட்டைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பொறியாளர்கள் தகர்க்கவில்லை. அடித்தளம் ஏன் நிற்கிறது என்பதைப் படித்தார்கள், மணற்போக்கிகளையும் மதகுகளையும் அதன் மேல் சேர்த்தார்கள். ஆதித்யாவிலும் பழைய பெருஞ்சுருள்கள் நின்றன, கலம் புதிதானது.

உலகெங்கும் இதே வேலை

இதே 2016 டிசம்பரில் பிரான்சின் கடராஷ் ஆய்வு மையத்தில் வெஸ்ட் என்ற எந்திரம் தன் முதல் பிளாஸ்மாவைக் கண்டது. அதுவும் புதிய எந்திரம் இல்லை. டோர் சுப்ரா என்ற பழைய டோக்கமாக்கைப் பிரித்து, அதன் வட்டப் பிளாஸ்மாவுக்கு டைவர்ட்டர் அமைத்து மீண்டும் பூட்டியது. 2025 பிப்ரவரியில் அது 1,337 நொடிகள் பிளாஸ்மாவை நிறுத்தி உலகச் சாதனை படைத்தது. இங்கிலாந்தின் ஜெட் எந்திரத்தில் 2009 முதல் 2011 வரை கார்பன் சுவரை எடுத்துவிட்டு பெரிலியமும் டங்ஸ்டனும் பதித்தார்கள். அந்தச் சுவரோடுதான் 2021-இல் 59 மெகா ஜூலும் 2023-இல் 69 மெகா ஜூலும் இணைவு ஆற்றல் வெளிவந்தது.

ஜப்பானின் நாகா நகரில் ஜே.டி.–60 எஸ்.ஏ. 2020-இல் பூட்டி முடிந்தது. 2021 மார்ச்சில் ஒரு சுருளின் இணைப்பில் மின்பொறி பறந்து ஹீலியம் கசிந்தது. மின்காப்பைச் சீர்செய்ய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிடித்தன. 2023 அக்டோபரில் அது முதல் பிளாஸ்மாவைக் கண்டது. இந்தியாவும் பங்காளியாக இருக்கும் ஐட்டர் எந்திரத்திலும் இதுவே நடந்தது. 2022-இல் வெப்பக் கவசத்தின் குளிர்க்குழாய்களில் அரிப்பு விரிசல்களும் கலத் துண்டுகளின் ஓரங்களில் அளவுப் பிசகுகளும் தெரிந்தன. குழிக்குள் இறக்கிய முதல் பெருந்துண்டை 2023-இல் வெளியே தூக்கிப் பிரித்தார்கள். ஆய்வுப் பணி தொடங்கும் ஆண்டு 2034-க்குத் தள்ளிப்போனது.

இந்தச் செய்திகள் வெளிவந்தபோதெல்லாம் இணைவு ஆராய்ச்சியே வீண் என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களோடு நான் உடன்படவில்லை. எஸ்.எஸ்.டி.–1 குழு பட்ட கஷ்டத்தையே உலகின் மிகப் பணக்கார நாடுகளும் பிறகு பட்டன. வெல்டிங்கும் கசிவும் மின்காப்பும் எந்த நாட்டுக் கொடியையும் பார்த்து இளகுவதில்லை. இந்தத் துறையில் தேர்ச்சி என்பது முதல் முறையே பிழையில்லாமல் பூட்டுவதில் இல்லை. பிழை எங்கே என்று தெரியும்வரை பிரித்து, திரும்பப் பூட்டுவதில் இருக்கிறது. தானே வடிவமைத்த எந்திரத்தைத்தான் அப்படி அச்சமில்லாமல் பிரிக்க முடியும். 1980-களில் கௌவின் குழு எடுத்த முடிவின் பலன் 2016-இல்தான் முழுதாகத் தெரிந்தது. ஆதித்யா–யு எரிந்து அரையாண்டுக்குப் பின், 2017 ஜூன் 18-இல், கௌ காலமானார்.

இணைவு மின்சாரம் இன்றுவரை உலகில் எந்த ஊரின் விளக்கையும் ஏற்றவில்லை. எப்போது ஏற்றும் என்று தேதி குறிப்பவர்களை நம்ப வேண்டாம், பாபாவுக்கே அந்தக் கணக்கு தப்பிப்போனது. நம்ப வேண்டியது வேலை செய்யும் கைகளை. தஞ்சையிலும் குடந்தையிலும் திருவாரூரிலும் பாலிடெக்னிக்கிலும் ஐ.டி.ஐ.யிலும் வெல்டிங் படிக்கும் பிள்ளைகளுக்கும், கல்லூரியில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: இந்தத் துறைக்கு நோபல் அறிஞர்கள் எவ்வளவு தேவையோ, கசிவில்லாத ஒரு வெல்டிங் போடத் தெரிந்தவர்களும் அவ்வளவு தேவை. பாட் கிராமத்தின் கதவு உங்களுக்கும் திறந்திருக்கிறது. தட்டிப் பாருங்கள்.

அடுத்த வாரம்: குஜராத்தின் ஹஜிராவில் செய்து பிரான்சுக்குக் கப்பலேறிய, 3,850 டன் எடையுள்ள ஐட்டர் பேழை.

(தொடரும்)